முடிந்த நிரலும் எழுதப்படும் நிரலும்

திறந்த மூலத் திட்டமொன்றின் நிரலை எவரும் படிக்கலாம். ஆயினும் அது எழுதப்பட்ட விதத்தை அருகிலிருந்தவர் மட்டுமே அறிவர். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் பதிப்பு மேலாண்மை முறைமை, எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்பதைத் தவறாது காட்டும். அவ்வரிக்கு முன் எழுதி அழிக்கப்பட்டவை எவை, சோதனை தோற்றபோது எழுதியவர் முதலில் எதனைச் சந்தேகித்தார் என்பவை அதில் பதிவாவதில்லை. திட்டமொன்றில் புதிதாகச் சேரும் மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். இருவரோ பலரோ ஒரே நிரற்கோப்பில் ஒரே நேரத்தில் பணியாற்ற, ஏனையோர் இணையவழி அதனைப் பார்த்துக் கேள்வி கேட்கும் நேரலைக் கூட்டு நிரலாக்கம், கொழும்பின் மாணவர் திட்டங்களில் இடம்பெற வேண்டும் என்று இவ்விதழ் கருதுவதற்கு அதுவே காரணம்.

இத்துறையில் இலங்கையின் மரபு சிறியதன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்திய நாட்களில், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப்பொருட்களையும் பதிவுசெய்வதற்காக, லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சூழ்ந்த தொண்டர்கள் ஒன்றுகூடி எழுதிய சகானா மென்பொருள், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்காக வழங்கும் விருதை 2006ஆம் ஆண்டுக்குப் பெற்றது. மாணவர்களுக்கு உதவித்தொகை தந்து திறந்த மூலப் பணியில் ஈடுபடுத்திவந்த கூகிள் சமர் ஒஃப் கோட் திட்டத்தில், அதன் முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே மிகுதியான மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். இவ்விரு வெற்றிகளும் ஒரே வகைப்பட்டவை அல்ல. சகானாவை எழுதியோர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுத் தெளிந்தனர். கோடைத் திட்டத்து மாணவரோ, வேறொரு நேர வலயத்தில் வாழும் வழிகாட்டியின் பதிலுக்காக இரவு விழித்திருந்து, தம் அறையில் தனியே எழுதினார். அவ்வாறு தனித்து எழுதுபவருக்கு அருகிருந்து பார்க்கும் வாய்ப்பை மீட்டுத் தருவதே நேரலையின் பயன்.

அதன் பயன் எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இடப்பெயர்களைத் தேடும் நிரலொன்றை மாணவர் எழுதுகின்றனர் என்று கொள்வோம். 'கொட்டாஞ்சேனை' என்பதில் வாசகர் எண்ணும் எழுத்துகள் ஆறு. பைத்தன் மொழியில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 12 என்று விடை வரும், ஏனெனில் ஒருங்குறி உயிர்மெய்யின் குறிகளையும் புள்ளியையும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணுகிறது. இன்னொரு கணினியில் தட்டெழுதிய அதே சொல்லுக்கு 13 என்று வரக்கூடும்; ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிய, தேடல் மட்டும் தோற்கும். இறுதியில் பதிவாகும் திருத்தம், ஒப்பிடுவதற்கு முன் இரு சொற்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒருங்குறி இயல்பாக்கம் என்ற ஒற்றை வரி. அதனைப் பின்னர் படிப்பவர் விடையை மட்டும் அறிவார். நேரலையில் இருந்தவரோ, எழுத்துருவைச் சந்தேகித்ததையும், தரவுத்தளத்தைச் சந்தேகித்ததையும், ஒருவர் குறியீடுகளை ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்க்கச் சொன்னதையும் கண்டிருப்பார். அடுத்த பிழையை அவரே தேடத் தொடங்குவார்.

மொழியும் இங்கே முக்கியமானது. க.பொ.த. உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம் கற்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறும் மாணவர், எழுத்துவடிவ நிரல் மதிப்பாய்வில் தம் ஆங்கிலம் பிழையாகுமோ என்று அஞ்சிக் கேள்வியையே விட்டுவிடுகிறார். "இந்த லூப் ஏன் ரெண்டு தரம் ஓடுது?" என்று வாய்விட்டுக் கேட்க அவருக்குத் தயக்கமிராது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜிட்சி என்னும் இணையக் கூட்டச் செயலி வழியே தமிழில் நடத்தும் கூட்டங்கள், தொழில்நுட்ப உரையாடல் இம்மொழியில் இயல்பாக நடைபெறும் என்பதைக் காட்டுகின்றன. எனினும் கொழும்பில் சிங்கள மாணவரும் அதே திட்டத்தில் இருப்பர். ஆகவே பேச்சு எம்மொழியில் அமைந்தாலும், முடிவும் அதன் காரணமும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு அன்றைக்கே திட்டத்தின் பொதுப் பதிவில் சேர வேண்டும். முடிவுகள் எழுத்தில், எல்லோருக்கும் தெரியும்படி எடுக்கப்பட வேண்டும் என்னும் அப்பாச்சி திறந்த மூலத் திட்டங்களின் மரபில் பயின்ற இலங்கை நிரலாளர் பலர். அம்மரபை நேரலை தளர்த்திவிடக் கூடாது.

அடுத்தது செலவு. திரையைக் காணொளியாக விநாடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால், பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 675 மெகாபைட் செலவாகும். விநாடிக்கு 32 கிலோபிட் அளவிலான குரலுக்கு 15 மெகாபைட்டும் தேவைப்படாது. விஎஸ் கோட் லைவ் ஷெயார், முனையத்தைப் பகிரும் டிமேட் போன்ற கருவிகள் படத்தை அனுப்பாது எழுத்து மாற்றங்களையே அனுப்புவதால், குரலும் எழுத்தும் சேர்ந்தே மிகச் சிறிய அளவில் அடங்கும். 2020இன் முடக்க காலத்தில், இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பான லேர்ன் வழங்கிய சூம் வகுப்புகளுக்கு டேட்டாக் கட்டணம் அறவிடப்படாமையே பல மாணவரை வகுப்பில் இருத்தியது. கைத்தொலைபேசியில் முற்கொடுப்பனவு டேட்டாவை நம்பியிருக்கும் மாணவரை மனத்திற்கொண்டு, காணொளியை விருப்பத் தெரிவாகவும் எழுத்தை அடிப்படையாகவும் கொள்வதே நேர்மையான ஏற்பாடு. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டை நினைவுகொள்வோர், பதிவு இல்லாத நேரலை பாதிப்பேரை விலக்கிவிடும் என்பதையும் அறிவர்.

பதிவு என்றதும் அபாயங்கள் தொடங்குகின்றன. சேவையகத்தின் கடவுச்சொல்லோ இரகசியச் சாவியோ அரை விநாடி திரையில் தோன்றினாலும் அது வெளியானதாகவே கொண்டு, காணொளியை வெட்டுவதற்கு முன்னர் சாவியை மாற்ற வேண்டும். பங்கேற்பவரின் குரலும் பெயரும் தனிப்பட்ட தரவுகள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ள நாட்டில், முன்கூட்டியே சம்மதம் பெறுவது வெறும் மரியாதை மட்டுமன்று. பாடசாலை மாணவர் பங்கேற்பின் பெற்றோரின் சம்மதமும் வேண்டும்.

இவற்றைவிடக் கடினமானது, வேகமாகத் தட்டெழுதுபவரே நேரலையை எடுத்துக்கொள்ளும் பழக்கம். கென்ட் பெக் 1990களில் பரப்பிய இணை நிரலாக்கத்தில், விசைப்பலகையில் இருப்பவர் ஒருவர், வழி சொல்பவர் இன்னொருவர். வழி தெரிந்தவர் வாயால் சொல்ல, புதியவரின் விரல்கள் எழுதும்படி அதனை அமைத்தால் இரண்டு பேருமே சிந்தித்தாக வேண்டும். இதற்காகும் மேலதிக நேரத்தைத் திட்டப் பொறுப்பாளர் மனமுவந்து ஏற்க வேண்டும். ஏற்காவிடின் நேரலையைத் தொடங்காதிருப்பதே நல்லது.

தொடக்கத்துக்கு இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு மணித்தியாலம் போதும். வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்றதோர் இடத்தில் சிலர் கூடி ஒரே இணைப்பில் பார்ப்பதும் இயலக்கூடியதே. முதல் அமர்வுக்கு, வழிநடத்துபவர் முன்கூட்டியே தீர்த்து ஒத்திகை பார்த்த பிழையை எடுக்கலாகாது. அவருக்கும் விடை தெரியாத, ஒரு மணித்தியாலத்தில் முடியாமலும் போகக்கூடிய பிழையையே எடுக்க வேண்டும்.