ஏடும் கிழங்கும்

பொழுதுபோக்கு என்னும் சொல்லை நாம் சற்றே இகழ்ச்சிக் குறிப்போடு வழங்கி வருகின்றோம். வேலையில்லாதவன் தேடிக்கொள்ளும் வேலை என்பதே அதற்கு நாம் கொண்ட பொருள். பூச்செடி வளர்ப்பதற்கென்று ஒரு சங்கம், அதிலும் ஒரே இனப் பூவின் கிழங்குகளைப் பேணுவதற்கென்று ஒரு சங்கம் உண்டென்றால், கேட்போர் முறுவலிப்பர். நானும் முறுவலித்தவனே. அச்சங்கத்தின் வரலாற்றை அறிந்தபின் அம்முறுவல் மறைந்தது. அது மறைந்த காரணத்தை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்ல விரும்புகின்றேன்.

இங்கிலாந்தின் வடபகுதியில், யோர்க்சயரில், வேக்பீல்ட் என்பது ஒரு நகரம். நெசவுக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் பேர்போன பிரதேசம் அது. அங்கே 1836ஆம் ஆண்டு தொட்டு ஒரு துலிப்பூச் சங்கம் நடந்து வருகின்றது. இத்தகைய சங்கங்கள் ஒருகாலத்தில் அந்நாட்டின் வடபகுதியெங்கும் இருந்தன. அவற்றை நடத்தியவர்கள் பிரபுக்கள் அல்லர். செருப்புத் தைப்போர், நெசவாளர், சுரங்கத் தொழிலாளர் முதலியோர். டார்பி நகரத்து இரயில் ஓட்டுநராகிய தொம் ஸ்ரோரர் என்பவர், இரயிற் பாதையின் கரையிலே துலிப் வளர்த்துப் புதிய வகைகளை உண்டாக்கினார். அவர் உண்டாக்கிய 'சாம் பார்லோ' என்னும் வகை இன்றும் பூக்கின்றது.

ஆண்டுதோறும் மே மாதத்தில் வேக்பீல்ட் சங்கத்தின் பூக்காட்சி நடைபெறும். பூக்களை வெள்ளிக் கிண்ணத்தில் வைப்பார்கள் என்று எண்ணவேண்டா. கபில நிறப் பியர்ப் போத்தலில் வைப்பார்கள். தொழிலாளர் வீட்டிலே எளிதிற் கிடைத்த பாத்திரம் அதுவே. அவ்வழக்கத்தை அவர்கள் இன்றுவரை மாற்றவில்லை.

அவர்கள் போற்றும் பூ கடைத்தெருவில் விற்கும் பூவன்று. முதலில் ஒரே நிறமாய்ப் பூத்துவந்த துலிப், ஓராண்டிலே திடீரென நிறம் பிளந்து பூக்கும். வெள்ளை அல்லது மஞ்சள் நிலத்தின்மேல் செம்மையோ ஊதாவோ கருங்கபிலமோ கோடு கோடாய்ப் படரும். இதழின் ஓரத்தில் மட்டும் மெல்லிதாய்ப் படர்ந்தால் அதனை 'இறகு' என்பர். நடுவிலும் எழுந்து படர்ந்தால் 'சுடர்' என்பர். இதன் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1928இல் டொரதி கேலி என்னும் ஆங்கிலப் பெண் ஆராய்ச்சியாளர், இஃது ஒரு கிழங்கிலிருந்து மற்றொரு கிழங்குக்குத் தொற்றுவதென்று காட்டினார். அது வைரசு நோய் என்பதும், அழுக்கணவன் பூச்சியாற் பரவுவது என்பதும் இன்று யாவரும் அறிந்தவை.

நோயினால் வந்த அழகாதலின் அதனைப் பேணுவது அரிது. நோயுற்ற கிழங்கு ஆண்டுக்காண்டு மெலியும். பக்கக் கிழங்கும் குறைவாகவே ஈனும். அருகிலுள்ள நல்ல கிழங்கையும் கெடுக்கும். ஆதலால் வணிகன் அதனைத் தன் வயலில் அண்டவிடான். வணிகன் கைவிட்ட இடத்திலேதான் இச்சங்கத்தாரின் வேலை தொடங்குகின்றது.

வணிகன் கைவிட்டான் என்றேன். அவன் கைவிடாது பற்றிய காலமும் ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து தேசத்தார் இப்பூவின்மேற் பித்துக்கொண்டனர். கண்ணாற் காணாத கிழங்குக்கும் விலை பேசினர். 1637 பெப்ரவரியில் அவ்விலை சரிந்தது. அக்காலத்தில் மிக உயர்ந்ததாக மதிக்கப்பட்ட பூவுக்குச் 'செம்பர் அகஸ்ரஸ்' என்று பெயர். 'என்றும் மாட்சிமையுடையது' என்பது அவ்விலத்தீன் தொடரின் கருத்து. அதன் கிழங்குகள் மிகச் சிலவே இருந்தன என்றும், அவற்றுட் பெரும்பாலன ஒருவர் கையிலே இருந்தன என்றும், அவர் விற்க இசைந்திலர் என்றும் சொல்வர். என்றும் உள்ளது எனப் பெயர்பெற்ற அப்பூ இன்று உலகில் இல்லை. ஓவியத்தில் மட்டுமே உள்ளது. இரயில் ஓட்டுநர் வளர்த்த பூ இருக்கின்றது.

இதனை நோய் செய்த வேலை என்று தள்ளிவிடலாம். நோய் இரண்டுக்கும் பொதுவன்றோ? வேறுபாடு கைகளின் தொகையில் உள்ளது. துலிப்பை விதையிலிருந்து வளர்த்தால் பூப்பதற்கு ஐந்தாறு ஆண்டாகும். பூத்தாலும் தாயைப் போலப் பூக்காது. ஒரு வகையை அவ்வகையாகவே காக்கவேண்டுமாயின் தாய்க்கிழங்கு ஈனும் பக்கக் கிழங்கையே நடவேண்டும். விதைவெங்காயத்தைப் பிடியாகக் கட்டித் தூக்கிவைக்கும் நம் தோட்டக்காரருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. இலை வாடியபின் கிழங்கைக் கிண்டியெடுத்து, உலர்த்தி வைத்து, கார்காலம் கழிந்து குளிர் தொடங்கும்போது மீண்டும் நடுவர். இப்படி ஆண்டுதோறும் தவறாது செய்யவேண்டும். மிகுந்த கிழங்கைச் சங்கத்தார் தமக்குள்ளே பகிர்ந்துகொள்வர். ஒருவர் தோட்டத்தில் அழிந்தது மற்றொருவர் தோட்டத்தில் இருக்கும். 1849இல் தோன்றி 'அரச' என்னும் அடைமொழியும் பெற்ற தேசிய துலிப் சங்கம் 1936இல் கலைந்தபோது, அதன் கிழங்குகளையும் வேக்பீல்ட் சங்கத்தாரே ஏற்றுக் காத்தனர்.

இதனைப் படித்தபோது எனக்கு நம்முடைய ஏடுகள் நினைவுக்கு வந்தன. பூவுக்கும் இதழ் உண்டு. ஏட்டுக்கும் இதழ் உண்டு. பனையோலையும் கிழங்கைப் போல நெடுநாள் கிடப்பதன்று. தலைமுறைதோறும் ஒருவர் இருந்து பெயர்த்தெழுதினால் அன்றி நூல் அழியும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏடுகள் தொட்ட மாத்திரத்தே சிதைவதைப் பதிப்புரையிலே உள்ளம் உருகி எழுதினார். பத்துப்பாட்டை 1889இல் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் வரலாறு இன்னும் பொருத்தமானது. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 பூக்களை அடுக்கிச் சொல்கின்றார். ஐயருக்குக் கிடைத்த ஏடுகளிலே அவற்றுட் சில பூக்களின் பெயர்கள் இல்லை. தேடியலைந்து தருமபுர ஆதீனத்து ஏடொன்றிலே அவற்றைக் கண்டெடுத்தார். அவ்வரலாற்றை 'உதிர்ந்த மலர்கள்' என்று ஒரு கட்டுரையாகவும் எழுதிவைத்தார். எங்கோ ஒருவர் பெயர்த்தெழுதி வைத்திராவிடின் அப்பெயர்கள் உதிர்ந்தே போயிருக்கும்.

பெயர்கள் மீண்டன. பூக்களை நாம் என்ன செய்தோம்?

என் குற்றத்தை நானே சொல்லிவிடுகின்றேன். கபிலர் சொன்ன 99 பூக்களில் முதலில் நிற்பது செங்காந்தள். அப்பகுதியைப் பாடஞ்சொன்னபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, காந்தள் என்றால் என்ன?" என்று கேட்டான். நான் அகராதி சொன்னபடியே "ஒருவகைப் பூ" என்றேன். அவன் அமர்ந்துவிட்டான். அது கார்த்திகை மாதம். மழையில் நனைந்த பின்வேலியிலே, இலைநுனியைச் சுருட்டிக் கதியாலைப் பற்றிக்கொண்டு, மஞ்சளும் சிவப்புமாய் ஆறிதழும் மேனோக்கி நின்றது கார்த்திகைப்பூ. அதுவே காந்தள் என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும் புத்தகத்திலிருந்த காந்தளுக்கும் வேலியிலிருந்த கார்த்திகைப்பூவுக்கும் இடையே என் நெஞ்சிலே வழியில்லாதிருந்தது. வேலி மதிலானபின் அக்கொடியும் அங்கே இல்லை.

காந்தளும் கிழங்கிலே பிழைப்பது. அக்கிழங்கு கலப்பை வடிவினது. கலப்பைக்கிழங்கு என்றும் அதற்குப் பெயருண்டு. கோடையில் மண்ணுள்ளே உறங்கி, மழையிலே முளைக்கும். கொடிய நஞ்சுடையது, சிறுவர் கைக்கு எட்டாதபடி வைத்தல்வேண்டும். அந்த எச்சரிக்கையோடு ஒரு மண்சாடியில் வளர்ப்பது யார்க்கும் இயலும்.

நம் நாட்டிலே தமிழ்ச் சங்கங்களுக்குக் குறைவில்லை. கூடுகின்றோம், பேசுகின்றோம், பறித்த பூவை மாலையாக்கி ஒருவர்க்கொருவர் சூட்டிக் கலைகின்றோம். பேச்சை நான் பழிக்கவில்லை, நானும் பேசுபவனே. ஆயினும் ஒரு சங்கத்து உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டிலும், அச்சங்கம் இருப்பதனாலேயே உயிரோடிருக்கும் பொருள் ஒன்று உண்டா என்று கேட்கவேண்டும். வேக்பீல்ட்டுச் செருப்புத் தொழிலாளியிடம் அது இருந்தது. அவனுக்குச் சொத்தும் இல்லை, பட்டமும் இல்லை. ஆண்டுதோறும் கிண்டி நடும் பழக்கமும், மிகுந்ததைக் கொடுக்கும் மனமும் இருந்தன.

துலிப் நம் வெப்பத்திலே பூவாது. அதனைத் தேடவும் வேண்டா. இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் பத்துப்பேர் கூடி, ஆளுக்கொரு கொடியோ கிழங்கோ பொறுப்பேற்றுக்கொண்டு, மிகுந்ததை மாணவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாற் போதும். அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயரிட்டாலும் குறையில்லை. வருங் கார்த்திகையிலே ஒரு மாணவன் எழுந்து காந்தள் யாதென்று கேட்டால், ஆசிரியர் அவனைச் சாடியண்டை அழைத்துச் சென்று காட்டட்டும்.