வாசலில் ஒரு மொழிக்காவல்

நிலக்கரிச் சுரங்கத்திற்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, இழப்பீட்டு ஆணையைப் படித்துச் சொல்ல ஆள் தேடுவோர் எங்கள் கம்மாபுரம் வட்டாரத்தில் உண்டு. அவர்தம் பிள்ளைகள் சட்டம் பயில வேண்டாமா? திருச்சியிலேயே தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வாசலில் ‘கிளாட்’ நுழைவுத் தேர்வு: 2 மணி நேரம், 120 வினாக்கள், அத்தனையும் ஆங்கிலம்.

அதன் சட்டப் பகுதி கேட்பதென்ன? ஒரு விதியைத் தந்து, ஒரு நிகழ்ச்சியில் அதைப் பொருத்தச் சொல்கிறது. மதரஸாவில் உஸூல் பாடத்தில் நாங்கள் பயின்ற கியாஸ் இதற்கு நெருங்கிய உறவு. திராட்சை மதுவின் தடை பிற போதைப் பொருளுக்கும் ஏன் செல்லும் என்று எம் உஸ்தாத் கேட்டது தமிழில்தான். அதனால் எங்கள் அறிவு குன்றிவிடவில்லை.

உயர்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமாயிற்றே என்பர். ஆகட்டும், அதைக் கற்பிக்கத்தானே ஐந்தாண்டுப் படிப்பு? தமிழக அரசு சட்டக் கல்லூரிகள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே மாணவரைச் சேர்க்கின்றன. அங்கிருந்து நல்ல வழக்கறிஞர்கள் வரவில்லையா? பட்டம் பெற்றவர் எழுதும் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு, 2011இல் தொடங்கியபோதே தமிழுக்கு இடமளித்தது. வழக்காடும் தகுதியைத் தமிழில் காட்டலாமாம். படிக்கும் தகுதியைக் காட்டக் கூடாதாம்! ஆங்கிலப் பள்ளிக்கும் பயிற்சி நிலையத்திற்கும் பணம் கட்ட வல்ல வீட்டாரை மட்டும் சலித்தெடுக்கும் இச்சல்லடைக்குத் ‘தகுதி’ என்று பெயரிட்டு எம்மிடம் விற்க வேண்டாம். வினாத்தாளைத் தமிழிலும் அச்சிடுங்கள். எங்கள் பிள்ளை தோற்பதாயின் அதன்பின் தோற்கட்டும்.