போர்டுக்கு எத்தனை வருடம்?

பழைய வாஷிங் மெஷின் துணி பிழியும்போது மேட்டில் ஏறும் லாரிபோல் இரைந்தால் பெரும்பாலும் பேரிங் போயிருக்கும். புதிது வாங்கக் கடைக்குப் போனால், மோட்டாருக்கு 10 வருட வாரண்டி என்றுதான் முதலில் சொல்வார்கள். மோட்டார் அவ்வளவு சீக்கிரம் போகாது. மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கு எத்தனை வருட வாரண்டி என்று கேளுங்கள். டப்பைத் திருகு கழற்றிப் பிரிக்கலாமா, ஒட்டி மூடியதா என்றும் விசாரியுங்கள். ஒட்டியதென்றால், சில நூறு ரூபாய் பேரிங்குக்காக முழு டப்பையே மாற்றச் சொல்வார்கள். போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் ஹீட்டர் கம்பியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். அங்கே ஹீட்டர் இல்லாத டாப் லோடுதான் என் தேர்வு. அழுக்கு கொஞ்சம் குறைவாகப் போனாலும் பரவாயில்லை. இதற்கெல்லாம் முன்னால் உங்கள் பகுதி மெக்கானிக்கைப் பாருங்கள். எந்த மாடலுக்கு ஸ்பேர் உடனே கிடைக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.