பிள்ளை யாருடையது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் மேடையேறும் பெரியவர்கள் அனேகமாகத் தவறாமல் உதிர்க்கும் கருத்து ஒன்றுண்டு. பெண்கள் ஷூ கம்பெனிக்குப் போகத் தொடங்கிய நாள்முதல் வீடு வீடாக இல்லையாம். ஆயாக்களிடம் வளரும் பிள்ளைகள் கெட்டுப்போகின்றனவாம். கைதட்டலும் கிடைத்துவிடுகிறது. எதிரே அமர்ந்திருக்கும் தாய்மார்களுள் பலர் ஒருநாள் கூலியை இழந்து வந்தவர்கள் என்பது மேடையில் இருப்பவருக்கு உறைப்பதில்லை.

முன்பு தாய் வீட்டில் இருந்தாள் என்பது பாதி உண்மை. இருந்தாள், சும்மா இருக்கவில்லை. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கங்களில் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். புகையிலைத் தூளின் நெடியில் பிள்ளை பக்கத்திலேயே உறங்கிற்று. விரல் வளைந்ததும் தானும் நூல் கட்டிற்று. முன்பணம் பெற்றுக்கொண்டு பிள்ளையையே பீடி முதலாளியிடம் விட்ட குடும்பங்களும் வட ஆற்காட்டில் இருந்தன. இந்தியாவின் கொத்தடிமைச் சிறார் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1996இல் வெளியிட்ட அறிக்கையில் இவ்வட்டாரப் பீடித் தொழிலும் இடம்பெற்றது. நாம் ஏங்கும் அந்தப் பழைய குடும்பம் இதுதானா?

தகப்பனோ டேனரியில் இருந்தான். சுண்ணாம்புக் குழியிலும் ஈரத்தோலிலும் பகலெல்லாம் நின்று, இருட்டிய பின் திரும்புவான். மகன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்று கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்ப்பான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. உழைப்பு அவ்வளவு கடியது. ஆயினும் தகப்பன் இல்லாத வீடு என்று எவரும் அன்று மேடையில் கண்ணீர் விட்டதில்லையே! அதே நேரம் தாய் வெளியே போனால் மட்டும் நாகரிகமே சரிந்துவிடுகிறது.

அவள் தன் விருப்பத்தால் மட்டும் போனவளுமல்லள். பச்சைத்தோலையும் அரைப்பதனிட்ட தோலையும் கப்பலேற்றி வந்த தொழில், 1973இல் நடுவணரசு விதித்த ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்குப் பின், முழுப்பதன் தோலுக்கும் பிறகு அப்பருக்கும் முழுக் காலணிக்கும் நகர்ந்தது. தையலுக்குக் குறைந்த கூலியில் ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. கிராமம் கிராமமாக வண்டி அனுப்பி அழைத்துச் சென்றவர்கள் முதலாளிகள். அந்நியச் செலாவணி நாட்டுக்கு, பழி மட்டும் அவளுக்கு என்பது என்ன கணக்கு?

சட்டமும் இந்தப் பார்வையிலிருந்து விலகியதன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முப்பதுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் உள்ள ஆலைகளில் அப்பெண்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டுமென்றது. நல்ல சட்டம்தான். ஆனால் ஐந்நூறு ஆண்கள் மட்டும் வேலை செய்த டேனரிக்கு ஒரு தொட்டிலும் தேவையில்லை என்பதும் அதன் பொருள். ஆணுக்குப் பிள்ளை இருப்பதாகவே அது நினைக்கவில்லை! 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர் உள்ள நிறுவனங்களுக்குக் காப்பகம் கட்டாயமாயிற்று. கணக்கில் ஆண்களும் சேர்ந்தனர். எனினும் நாளொன்றுக்கு நான்கு முறை பிள்ளையைப் போய்ப் பார்க்கும் உரிமை பெண்ணுக்கே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதைத்தான் சொல்கிறது. மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. டேனரித் தொழிலாளிக்கு அப்படியொரு சட்ட உரிமை இல்லை.

இந்த இடைவெளியை நிரப்புகிறவள் ஆயா. உருது பேசும் வீடுகளில் நானி. ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு ஜோடிச் செருப்பிலும் அவளுடைய கூலியில்லா உழைப்பும் இருக்கிறது. அறுபது வயதில் இரண்டாம் முறை தாயாகும் அவளைக் குறித்துத்தான் மேடையில் 'ஆயாக்களிடம் வளர்கின்றன' என்று இளக்காரமாகப் பேசுகிறார்கள்.

'வீட்டிலிருந்தே தைக்கலாமே' என்று யோசனை சொல்வோரும் உளர். ஆம்பூரில் அதுவும் நடக்கிறது. அப்பர்களை வீட்டுக்கு வாங்கி வந்து ஊசியால் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில்தான் கூலி, வைப்புநிதியுமில்லை, இ.எஸ்.ஐ.யுமில்லை. தைத்துக்கொண்டே சோறூட்டவும் வேண்டும். பீடி முறம் போய்த் தோல் வந்திருக்கிறது, அவ்வளவே.

பிள்ளைகள் தனித்து விடப்படுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. மாலையில் பூட்டிய வீட்டுத் திண்ணையில் புத்தகப்பையோடு உட்கார்ந்திருக்கும் குழந்தை உண்மையானது. அதற்குத் தாய் மட்டும் ஏன் பதில் சொல்லவேண்டும் என்பதே என் வழக்கு. இளைய தகப்பன்மாரில் சிலர் மகளுக்குச் சடை பின்னக் கற்றிருக்கிறார்கள். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பின்னுகிறார்கள். தெருவில் தெரிந்தால் கேலி செய்வார்களாம். கேலி செய்வோர் யாரென்று பார்த்தால், 'வீடு வீடாக இல்லை' என்று அங்கலாய்ப்பவர்களேதான்.

வகுப்பில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளி யாரை அழைக்கிறது? தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவளைத்தான். சேர்க்கைப் படிவத்தில் தகப்பனின் எண்ணும் இருக்கிறது.