அத்தா வாங்க மறுத்தவை

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வஃபாத்தாகிவிட்டால், நம் ஊர்களில் அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே வகையாக இருக்கிறது. எந்தப் பதவியில் சேர்ந்தார், எந்தப் பதவியில் ஓய்வு பெற்றார், பிள்ளைகளை என்ன படிக்க வைத்தார், வீடு கட்டினாரா, ஹஜ்ஜுக்குச் சென்று வந்தாரா என்று எண்ணிச் சொல்கிறோம். இவையெல்லாம் அவர் பெற்றவை. அவர் பெற மறுத்தவற்றின் கணக்கை எவரும் கேட்பதில்லை. அரசு ஊழியராக வாழ்ந்த ஒரு தந்தையை நினைவுகூர்வது அந்த இரண்டாவது கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசிப் பகுதிகளில் வாழ்வோருக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. இங்கே ஓர் அதிகாரியின் கையெழுத்து உயிர்களோடு தொடர்புடையது. பட்டாசு ஆலையின் ஓர் அறையில் எத்தனை பேர் வேலை செய்யலாம், எவ்வளவு மருந்துக் கலவை இருக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. அந்த விதியை நேரில் வந்து பார்க்க வருவாய்த் துறை, தொழிலகப் பாதுகாப்புத் துறை, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு ஆகியவற்றின் அலுவலர்கள் இருக்கிறார்கள். இருந்தும், 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 பிப்ரவரி 17 அன்று இராமுத்தேவன்பட்டியில் 10 பேர் இறந்தனர். இப்பகுதியில் விபத்து நடக்கும்போதெல்லாம் அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, உள்குத்தகை என்ற சொற்களே திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. இவை ஒரே நாளில் முளைக்கும் குற்றங்கள் அல்ல.

இப்போது மறுபக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் அலுவலர் ஆய்வுக்குச் செல்கிறார். குறையைக் கண்டு வேலையை நிறுத்தச் சொல்கிறார். நீட்டப்பட்ட உறையை வாங்காமல் திரும்புகிறார். அன்று அந்த ஆலையில் எதுவும் நடக்கவில்லை. மாலையில் தூக்குச்சட்டியோடு வீடு திரும்பிய பெண்ணுக்கும், வாசலில் காத்திருந்த அவளுடைய பிள்ளைக்கும் அந்த அலுவலரின் பெயர் தெரியாது. நடக்காமல் போன விபத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நேர்மையான ஊழியரின் வாழ்நாள் சாதனை இப்படிக் கண்ணுக்குத் தெரியாத நாட்களால் ஆனது. அதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

“கேட்டு வாங்கவில்லை, தீபாவளி அன்பளிப்பாகத் தந்தார்கள்” என்று சொல்லும் வழக்கமும் நம்மிடையே உண்டு. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. அவர் தம் தந்தையின் வீட்டிலோ தாயின் வீட்டிலோ அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று மிம்பரில் நின்று கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள செய்தி இது. பதவிக்காக வருவது பதவி உள்ளவரையே வரும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்தப் போதனை ஒரு தமிழ் முஸ்லிம் தந்தையின் வீட்டில் எப்படி உயிர் பெற்றது என்பதை டாக்டர் அப்துல் கலாம் பல மேடைகளில் கூறியிருக்கிறார். நாடு விடுதலை பெற்ற காலம். அவருடைய தந்தை ஜைனுலாப்தீன் இராமேசுவரம் பஞ்சாயத்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். பெரும் படிப்போ செல்வமோ இல்லாதவர். அவர் தொழுகைக்குச் சென்றிருந்த வேளையில் ஒருவர் விலையுயர்ந்த துணியும் பழங்களும் இனிப்புகளும் கொண்டுவந்தார். தாயும் தொழுகையில் இருந்ததால், சிறுவர் கலாம் அவற்றைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். திரும்பி வந்த தந்தை மகனை அடித்தார். கலாம் அறிய அதுவே முதல் முறை. பிறகு தோளில் கைவைத்து, ஒருவரைப் பொறுப்பில் அமர்த்தும் இறைவன் அவருக்குரிய உணவையும் தருகிறான், அதற்கு மேல் எடுப்பது முறையற்றது என்ற நபிவழியை எடுத்துரைத்தார்.

அந்த அடியைப் போற்றத் தேவையில்லை. அதன்பின் வந்த விளக்கத்தைப் போற்றலாம். ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து, 2006-ல், குடியரசுத் தலைவராக இருந்த கலாம், மாளிகையில் வந்து தங்கிய சுமார் 50 உறவினர்களுக்கான செலவு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகையைத் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தினார். இராமேசுவரத்துக் கட்டிலருகே கற்ற பாடம் தில்லிவரை வந்து சேர்ந்தது.

நேர்மையான ஊழியரின் பிள்ளைகளுக்கு ஒரு மனக்குறை இருப்பதும் உண்மையே. உடன் பணியாற்றியவர் மனை மனையாக வாங்க, நம் அத்தா மட்டும் வாடகை வீட்டிலேயே இருந்தாரே என்ற ஏக்கம் எளிதில் ஆறுவதில்லை. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) ஹிஜ்ரி 101-ல் மரணப் படுக்கையில் இருந்தபோது, பிள்ளைகளுக்கு ஒன்றும் வைக்கவில்லையே என்று அவரிடமும் சொல்லப்பட்டது. அவர்கள் நல்லோராக வாழ்ந்தால் அல்லாஹ் பொறுப்பு, தீயோராக வாழ்ந்தால் அவர்களின் பாவத்துக்கு நான் பொருள் தரமாட்டேன் என்னும் கருத்தில் அவர் விடையளித்தார். பிள்ளைகளின்மேல் பாசமற்ற தந்தையின் சொல்லா இது? ஹலாலான கவளத்தை மட்டுமே ஊட்டுவேன் என்று ஒருவர் உறுதி கொள்வதும் பிள்ளைப் பாசமே.

ஆகவே மாற வேண்டியது நம் பேச்சு. அரசு வேலையிலுள்ள மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கும்போது, “சம்பளம் போக மேலே எவ்வளவு வரும்?” என்று கேட்பதை நிறுத்துவோம். “நம்ம பிள்ளைதானே, சொன்னால் செய்ய மாட்டானா?” என்று சிபாரிசுக்கு வரிசை கட்டுவதையும் நிறுத்துவோம். ஓய்வு பெற்ற தந்தை வீட்டில் இருந்தால், அவர் உயிரோடிருக்கும்போதே அருகில் அமர்ந்து, “அத்தா, நீங்கள் எதையெல்லாம் வேண்டாம் என்றீர்கள்?” என்று கேளுங்கள். தயங்குவார், பிறகு சொல்வார். பேரப்பிள்ளைகளும் கேட்கட்டும். அவர்கள் பெறப்போகும் சொத்துகளில் சண்டையின்றிப் பங்கிடக்கூடியது அது ஒன்றே.

மனிதன் இறந்த பின்னும் நிற்காத நன்மைகளில் ஒன்று அவனுக்காகப் பிரார்த்திக்கும் நல்ல பிள்ளை. கைநீட்டாமல் வாழ்ந்து மறைந்த எல்லாத் தந்தையருக்காகவும் அல்லாஹ்விடம் கையேந்துவோம். அவர்களின் பிழைகளை அவன் மன்னிப்பானாக. அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. அவர்கள் ஊட்டிய ஹலாலின் பரக்கத்தை நம் சந்ததிகளில் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.