ஸோபா மாமாவுக்கு, தரை நமக்கு!

நம் ஊர் மத்தியதரக் குடும்பத்து ஹால்களில் ஒரு விநோதம் கவனித்திருப்பீர்கள். அரை லட்சம் ரூபாய்க்கு ஒரு ஸோபா செட் இருக்கும். வீட்டுக்காரர்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு டி.வி. பார்ப்பார்கள். அப்போ ஸோபாவின் மேல்? கொடியிலிருந்து எடுத்து வந்து இன்னும் மடிக்காத துணிகள்.

காலிங்பெல் அடித்தால் போதும். துணிமூட்டை ஒரே அள்ளாக பெட்ரூமுக்குப் பறக்கும். குஷன்கள் நிமிரும். வந்தவர் கூரியர்காரர் என்று தெரிந்ததும் மூட்டை பழையபடி திரும்பி வரும்.

'நாலு பேர் வந்தா உட்கார வேணாமா?' என்று கேட்டுத்தான் இதை வாங்குகிறோம். அந்த நாலு பேரில் முக்கியமானவர் மாமா. வருஷத்துக்கு நாலு தடவை வருகிறார். ஸோபா பத்து வருஷம் உழைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஐம்பதாயிரத்தை நாற்பதால் வகுத்தால், மாமா ஒரு தடவை உட்கார 1,250 ரூபாய்! (பி.காம். படித்தவன் புத்தி இப்படித்தான் போகும்.) அவ்வளவு செலவு பண்ணி உட்காரச் சொன்னால் மாமா என்ன சொல்கிறார்?

''அந்த பிளாஸ்டிக் சேரைப் போடுப்பா. இதுல உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல.''

மாமா பிகு பண்ணவில்லை. நிஜத்தைத்தான் சொல்கிறார். சாதாரண நாற்காலியில் உட்காரும் பலகை தரையிலிருந்து 17, 18 அங்குல உயரத்தில் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஷோரூமில் 'மாடர்ன்' என்று காட்டுகிற ஸோபாக்களில் பல 15 அங்குலம்தான். உட்கார்ந்ததும் பஞ்சு இரண்டு அங்குலம் அமுங்கும். இடுப்பு கீழே, முட்டி மேலே. இருபத்தஞ்சு வயசில் இது சொகுசு. அறுபத்தஞ்சு வயசில் இது கிணறு. கைப்பிடியும் குட்டையாக இருந்துவிட்டால் மேலே வர கயிறுகூடக் கிடையாது.

மாமா சாயந்திரம் பஸ் ஏறிப் போய்விடுவார். வீட்டோடு இருக்கிற அப்பா? பையன் முதல் போனஸில் வாங்கிப் போட்டதாச்சே என்று வாய் திறக்கமாட்டார். ஸோபாவுக்குப் பக்கத்திலேயே பழைய பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். கேட்டால், ''இங்கதான் காத்து வருது'' என்பார். உங்கள் வீட்டில் அப்பா எங்கே உட்காருகிறார் என்று இன்றைக்கு ஒரு தரம் பாருங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள்.

ஆகவே கடைக்குக் கிளம்புமுன் ஒரு டேப்பை எடுத்து அப்பா சிரமமில்லாமல் எழுந்திருக்கிற நாற்காலியை அளந்துகொள்ளுங்கள். பாதம் தரையில் முழுசாகப் பதியவேண்டும், முட்டி செங்கோணத்தில் மடங்கவேண்டும், கைப்பிடியை ஊன்றினால் எழுந்திருக்க வரவேண்டும். அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் உத்தமம். சேல்ஸ்மேன் 'கலர் பாருங்க ஸார்' என்று அவசரப்படுத்துவார். பத்து நிமிஷம் அசையாமல் உட்காருங்கள். ரெண்டு நிமிஷத்தில் எல்லா ஸோபாவும் சொர்க்கம்தான்.

'32 டென்சிட்டி ஃபோம் ஸார்' என்பார் அடுத்து. பயப்படாதீர்கள். அந்தப் பஞ்சு ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ எடை என்று அர்த்தம். எண் குறையக் குறைய லேசான பஞ்சு. சீக்கிரம் பள்ளம் விழும், அதுவும் டி.வி.க்கு எதிர் மூலையில். ரெக்சின் வேண்டுமா என்பார். மே மாதம் சட்டையில்லாமல் அதில் சாய்ந்து பாருங்கள். எழுந்திருக்கும்போது ஸோபாவும் கூடவே எழுந்து வரும். சென்னைப் புழுக்கத்தில் சில வருஷத்தில் தோல் உரியும் சமாசாரம் வேறு. எண்ணெய் தேய்த்த தலைகள் நிறைந்த வீட்டுக்குக் கழற்றித் துவைக்கிற துணி உறைதான் சரி. கிரீம் கலர்? குழந்தை இருக்கிற வீட்டில் அது ஒரு டிராயிங் பேப்பர்.

இடம் போதுமா என்று பார்க்க ஒரு வழி. ஸோபாவின் நீள அகலத்தைக் கேட்டு வந்து, ஹால் தரையில் கோலமாவால் அதே அளவுக்குக் கட்டம் போடுங்கள். ரெண்டு நாள் அதை மிதிக்காமல் நடந்து பாருங்கள். பால்கனிக்குத் துணி உலர்த்தப் போகிற அம்மா எத்தனை தடவை கோலத்தை அழிக்கிறார் என்று எண்ணினால் விடை தெரிந்துவிடும். வாசல் நிலை, லிஃப்ட், மாடிப்படித் திருப்பம் மூன்றையும் அளந்துவிடுங்கள். ஆறு பேர் படியில் நின்றுகொண்டு 'லெஃப்ட்ல சாயி, லெஃப்ட்ல சாயி' என்று கத்துகிற காட்சி பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் தமாஷ்.

ஸோபா என்றால் கூடவே டீபாய். டீ வைப்பதால் டீபாய் என்று நினைப்போம். கிடையாது. மூன்று கால் என்று பொருள்படும் வடக்கத்திய சொல் வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆனது. சாட்சாத் நம் முக்காலி! இப்போது அதற்கு நாலு கால், மேலே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே 2 வருஷத்துப் பழைய பத்திரிகைகள். அது இல்லாமலே குடும்பம் நடத்தலாம். அந்தக் காசில் அடுக்களையில் நின்றுகொண்டே கால்கடுக்கக் காய் நறுக்குகிறவர்களுக்கு உயரமான ஒரு ஸ்டூல் வாங்கலாம். எத்தனையோ வீடுகளில் இந்த ஸ்டூல் வந்ததே இல்லை. விருந்தாளி பார்க்காத இடமாயிற்றே!

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் மலிவாக வருகிற அலமாரிகளில் பல, மரச்சீவலைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. பார்ட்டிகிள் போர்டு என்று பேர். மாப் போடுகிற தண்ணீர் அடியில் ஏறினால் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதிவிடும். வீடு மாற்றும்போது கழற்றிய ஸ்குரூ மறுபடி சரியாகப் பிடிக்காது. ப்ளைவுட் என்றால் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 சாதா ரகம், ஐ.எஸ். 710 தண்ணீருக்குத் தாங்குகிற ரகம். ஸிங்க் அடியில் வைக்கிறதுக்குப் பின்னது, மற்றதற்கு முன்னது போதும். 'நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.' என்றால் பிராசஸிங் ஃபீஸ் எவ்வளவு, வட்டி மேல் ஜி.எஸ்.டி. உண்டா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கேட்டதும் சேல்ஸ்மேன் முகம் மாறினால், உண்டு.

இனி கட்டில், பீரோ. இங்கேதான் நம் இளைஞர்களைக் கொஞ்சம் வம்புக்கு இழுக்கவேண்டியிருக்கிறது. ஆபீஸ் நண்பர் ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கட்டில், பீரோ எல்லாம் பெண் வீட்டில் வருகிறது என்றார்.

''கேட்டீங்களா?''

''சேச்சே! நாங்க வாயே திறக்கல ஸார். அவங்களா குடுக்கறாங்க.''

''ரூம் அளவாவது சொன்னீங்களா?''

''எப்படி ஸார் சொல்றது? அளவு சொன்னா கேட்ட மாதிரி ஆயிடுமே!''

அவர் அறை பத்துக்குப் பத்து. மாமனார் கௌரவமாக ஆறுக்கு ஆறரையில் தேக்குக் கட்டில் அனுப்பினார். மிச்சம் மூன்றரை அடி. கால்மாட்டில் பீரோ. ஸ்டீல் பீரோவின் ஆழம் வழக்கமாக 19 அங்குலம். இப்போது மிச்சம் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றடி அகல பீரோவுக்கு ஒவ்வொரு கதவும் ஒன்றரை அடி. கதவைத் திறந்தால் நிற்க அரை அடிகூட இல்லை. கட்டில் மேல் மண்டி போட்டுத்தான் புடவை எடுக்கிறார் அந்தப் பெண். அதற்கு அவருடைய அப்பா வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை.

வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். 'அவங்களா குடுத்தது' என்கிற வாசகமும் ஏறக்குறைய அதே வயசுதான் இருக்கும். சம்பாதிக்கிற பையன்கள் ஒரு கட்டில் வாங்க முடியாதவர்கள் இல்லை. கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து, அந்த அறையில் இருக்கப்போகிற ரெண்டு பேரும் டேப்பும் கையுமாகப் போய் வாங்குவதில் யாருக்கும் குறைச்சல் வந்துவிடாது.

அதுவரைக்கும்? திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் மணமக்கள் பேரையே கோரையில் நெய்து கல்யாணப் பாய் தருகிறார்கள். மேலே ஒரு மெத்தையைப் போட்டுக்கொண்டால் ஆயிற்று. காலையில் எழுந்ததும் ரெண்டையும் சுருட்டி மூலையில் வைத்துவிடலாம். பீரோ கதவும் முழுசாகத் திறக்கும்.