யாருடைய விருப்பம்?

ஆஸ்பத்திரிப் பாஷையில் 'விருப்ப ரண சிகிச்சை' என்று ஒன்று உண்டு. கேட்பவர்கள், பட்டுப் புடவை வாங்குவதை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப் போடுவதுபோல் இதையும் தள்ளிப் போடலாம் என்றுதான் எண்ணிக் கொள்வார்கள். வைத்தியர்கள் கொள்ளும் பொருளோ வேறு. இன்றிரவே கத்தி எடுக்காவிட்டால் உயிர் போய்விடும் என்ற நிலை இல்லாமல், நாள் குறித்துச் செய்யக்கூடிய சிகிச்சை எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவை. கண்ணில் புரை எடுப்பதும் இதில் சேரும். இடுப்பு மூட்டு மாற்றுவதும் சேரும். சில புற்றுநோய்க் கட்டிகளை அகற்றுவதுங்கூடச் சேரும். நாளைத்தான் தேர்ந்தெடுக்கலாமே தவிர, நோயை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை.

2020-ஆம் வருஷத்தில் இந்த வார்த்தையினால் உலகமெங்கும் எத்தனையோ பேர் அவதிப்பட்டார்கள். அவர்களில் ஸ்தூல சரீரம் படைத்தவர்களின் கதை தனிக் கதை. அதை இங்கிலாந்து தேசத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும்.

அந்த வருஷம் மார்ச்சு மாதம் 17-ஆம் தேதி, இங்கிலாந்தின் தேசிய சுகாதார இலாகா எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. அவசரமில்லாத ரண சிகிச்சைகளையெல்லாம் ஏப்ரல் 15-ஆம் தேதிக்குள் நிறுத்திவிட வேண்டும், குறைந்தது மூன்று மாத காலத்துக்கு, என்பது உத்தரவு. கோவிட் நோயாளிகளுக்குப் படுக்கை வேண்டும். மூச்சுக் கருவி வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர்களே அந்தக் கருவிகளின் பக்கத்திலும் நிற்க வேண்டும். ஆகவே உத்தரவு நியாயமானதுதான். உடல் பருமனைக் குறைக்கும் ரண சிகிச்சையும் அதோடு நின்றது.

கடிதம் போய் மூன்று வாரத்துக்குள், ஏப்ரல் 5-ஆம் தேதி, அத்தேசத்துப் பிரதம மந்திரி போரிஸ் ஜான்ஸனே கோவிட் கண்டு செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். பிழைத்து வந்தபின், தாம் அளவுக்கு மீறிப் பருத்திருந்ததாகத் தாமே ஒப்புக் கொண்டார். ஜூலை மாதத்தில் ஜனங்களின் பருமனைக் குறைக்கப் பெரியதொரு திட்டமும் வெளியாயிற்று. தின்பண்ட விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு, பெரிய உணவு விடுதிகளில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் கலோரிக் கணக்கு என்றெல்லாம் அறிவித்தார்கள்.

பிரதம மந்திரி தம் அனுபவத்தில் கண்டதைப் புள்ளி விவரமும் உறுதி செய்தது. எடையைக் கிலோவில் கணக்கிட்டு, உயரத்தை மீட்டரில் எடுத்து இரு முறை வகுத்தால் ஓர் எண் வரும். ஐந்தடி ஏழங்குல மனிதர் 116 கிலோ இருந்தால் அந்த எண் சுமார் 40. அதற்கு மேற்பட்டவர்கள் கோவிட்டினால் இறக்கும் அபாயம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அதிகம் என்று இங்கிலாந்தின் பொது சுகாதார இலாகா அதே ஜூலை மாதம் தெரிவித்தது.

இங்கேதான் விபரீதம். பருத்த தேகம் உள்ளவர்களே, கோவிட் வந்தால் மற்றவர்களைவிட அதிகமாக ஆபத்துக்குள்ளாகிறவர்கள் என்று ஒரு வாய் சொல்லிற்று. அந்தப் பருமனுக்குரிய சிகிச்சை அவசரமில்லாதது என்று இன்னொரு வாய் சொல்லிற்று. இரண்டும் ஒரே ஸர்க்காரின் வாய்!

நிற்க. இந்த ரண சிகிச்சை என்ன என்பதைச் சற்றுப் பார்ப்போம். ஒரு முறையில் இரைப்பையின் பெரும் பகுதியை, ஏறக்குறைய நாலில் மூன்று பங்குக்கு மேல், வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாய் போல் மீதி வைக்கிறார்கள். மற்றொரு முறையில் இரைப்பையின் மேற்புறம் சிறு பை ஒன்றை அமைத்து, அதைச் சிறு குடலோடு நேரே இணைத்து விடுகிறார்கள். வயிறு சிறுத்துப் போவதால்தான் பலன் என்று எண்ணுவது பாதி உண்மையே. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்னும் சுரப்பு நீர் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில்தான் உண்டாகிறது. முதல் முறையில் அந்தப் பகுதி போய்விடுகிறது. இரண்டாவது முறையிலோ, உடம்பு இளைப்பதற்கு முன்பே, சில தினங்களுக்குள் பலருக்கு நீரிழிவு தணிந்து விடுகிறது. நீரிழிவினால் கண்ணும் சிறுநீரகமும் இருதயமும் கெட்டுக் கொண்டிருப்பவருக்கு இது அலங்காரச் சிகிச்சை ஆகுமா?

"சாப்பாட்டைக் குறைத்தால் போகிறது, இதற்குக் கத்தி எதற்கு?" என்று கேட்பவர்கள் எந்தத் தேசத்திலும் உண்டு. லங்கனம் பரம ஔஷதம் என்று சொல்லும் பாட்டிமார் நம் வீடுகளிலும் உண்டு. பாட்டி சொல்வது அஜீரணத்துக்குச் சரி. ஆனால் மிகப் பருத்த தேகம் பட்டினியை எதிர்த்துப் போராடுகிறது. எடை குறையக் குறையப் பசி வளர்கிறது. தேகம் செலவழிக்கும் சக்தியோ குறைகிறது. மன உறுதி இல்லாத குறை என்று இதைச் சொல்வது, காய்ச்சல்காரனைப் பார்த்து 'ஏன் சுடுகிறாய்?' என்று கேட்பது போலத்தான்.

பத்திரிகைகளின் சிரிப்புப் படங்களிலும் சினிமா ஹாஸ்யத்திலும் பருத்த மனிதரை வைத்து வெகு காலமாகச் சிரித்துவிட்டோம். அதன் பலனாக, அவருடைய நோய் நோயாகவே நம் கண்ணில் படுவதில்லை. இருதய நோயாளி வரிசையில் நின்றால் 'ஐயோ பாவம்' என்கிறோம். இவர் நின்றால், 'தானே தேடிக் கொண்டது, நிற்கட்டும்' என்கிறோம்.

அப்படியானால் தொற்று நோய்க் காலத்தில் இந்தச் சிகிச்சையை நிறுத்தியிருக்கவே கூடாதா? அப்படியும் சொல்வதற்கில்லை. 2020-ஆம் வருஷத்துத் தொடக்க மாதங்களில், 24 தேசங்களைச் சேர்ந்த 1,128 பேரின் விவரங்களைச் சேகரித்தார்கள். ரண சிகிச்சையை ஒட்டிக் கோவிட் கண்டவர்கள் அவர்கள். அவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஒரு மாதத்துக்குள் இறந்து போனார்கள். நோய் பரவும் வேளையில் அவசரமின்றிக் கத்தி எடுப்பது விளையாட்டல்ல.

ஆகவே, நிறுத்தியது பிழையன்று. மறுபடி தொடங்கும்போது யாரை எங்கே நிறுத்துவது என்பதே கேள்வி. லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் பிரான்செஸ்கோ ருபினோவும் வேறு பல தேசத்து நிபுணர்களும் 2020-ஆம் வருஷம் மே மாதத்தில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். முதலில் வந்தவர் முதலில் என்று பார்க்க வேண்டாம். தராசு முள்ளை மட்டும் பார்க்கவும் வேண்டாம். தாமதத்தினால் யாருக்குக் கேடு அதிகமோ அவரை முன்னே அழையுங்கள் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் இத்துறை ரண வைத்தியர்களின் சங்கமும், இதை 'விருப்ப' சிகிச்சை என்று அழைப்பதே தவறு என்று அறிக்கை விட்டது.

தக்க ஜாக்கிரதையோடு தொடங்கிய இடங்களில் பயந்தபடி நடக்கவில்லை. கோவிட் நோயாளிகள் இல்லாத தனி இடம், முன்னதாகவே பரிசோதனை, வீட்டில் தனித்திருத்தல் ஆகிய ஏற்பாடுகளைச் செய்தார்கள். 2020 மே முதல் ஜூலை வரை, முப்பதுக்கு மேற்பட்ட தேசங்களில் இந்தச் சிகிச்சை பெற்ற சுமார் 2,000 பேரைக் கவனித்ததில், ஒரு மாதத்துக்குள் இறந்தவர் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு. இவர்களில் பெரும்பாலோர் தீவிர சிகிச்சைப் படுக்கையையும் நாடுவதில்லை. ஓரிரு நாளில் வீடு திரும்பி விடுகிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் ஆஸ்பத்திரியில் 2021-ஆம் வருஷம் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னொன்றும் சொல்லிற்று. முன்பே இச்சிகிச்சை செய்துகொண்டிருந்தவர்களுக்குக் கோவிட் வந்தபோது, ஆஸ்பத்திரியில் சேரும் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

ஆனால் வரிசை சுலபத்தில் கரைகிறதா? தொற்று நோய்க்கு முன் இங்கிலாந்தில் சுமார் 45 லட்சம் சிகிச்சைகள் காத்திருந்தன; 2023-ஆம் வருஷத்துச் செப்டம்பரில் அது 77 லட்சத்தைத் தாண்டியது. அவ்வளவு நீண்ட வரிசையில், கூச்சப்பட்டு வாய் திறவாதவரே கடைசிக்குத் தள்ளப்படுகிறார். இப்பொழுது எடை குறைக்கும் ஊசி மருந்துகள் வந்திருப்பது உண்மை. அவற்றுக்கும் வரிசை உண்டு, விலையும் உண்டு.

இன்னொரு தொற்று நோய் வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வந்தால், ஆஸ்பத்திரிக் கதவுகளில் சிலவற்றை மறுபடியும் சாத்தத்தான் வேண்டியிருக்கும். அவற்றைத் திறக்கும்போது, வாசலில் நிற்கும் பருத்த மனிதரைப் பார்த்து, 'உமக்கென்ன அவசரம்?' என்று கேட்காமலிருந்தால் போதும். அவர் அங்கே விருப்பத்துக்காக வந்து நிற்கவில்லை.